செக்போஸ்டில் ஏறிய ஈக்கள்

இரண்டு வருடங்களுக்கு முன், பொங்கல் லீவுக்குத் திருப்பதியிலிருந்து சித்தூர் பஸ்ஸில் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன். மடியில் இருந்த பையில் கண்ணாடிக் குழாய்கள், அவற்றுக்குள் பழ ஈக்கள். செம்மரத் தூளில் உள்ள சத்து முதுமையைத் தள்ளிப்போடுமா என்பதுதான் என் ஆராய்ச்சி. தூளை உணவில் கலந்து கொடுத்து, குழாயைத் தட்டினால் வயதான ஈக்கள் எவ்வளவு துடிப்பாக மேலே ஏறுகின்றன என்று பார்ப்பேன். ஈக்களுக்கு லீவு ஏது? சாப்பாடு மாற்றாவிட்டால் செத்துப்போகும். அதனால் ஒரு பொட்டலம் தூளோடு அவற்றையும் வீட்டுக்கே கிளப்பிவிட்டேன். அரசு அனுமதியோடு எங்கள் துறைக்குக் கிடைத்த தூள்தான். அதைப் பஸ்ஸில் கொண்டுபோகலாமா என்று யோசிக்கவே இல்லை, அசடு!

வழியில் செக்போஸ்ட். செம்மரக் கடத்தல் சோதனை. போலீஸ்காரர் என் பையைத் துழாவி, தூளை விரலில் தேய்த்துப் பார்த்தார். விரல் சிவந்தது.

"திகம்மா!" என்று இறக்கிவிட்டார்.

பயத்தில் பள்ளிக்கூட நாளிலிருந்து பேசிய தெலுங்கு மறந்துபோய், வாயில் தமிழ்தான் வந்தது. செம்மரத்தோடு தமிழ் பேசி மாட்டினால், மரம் வெட்ட வந்த கூலியென்று ஜெயில்தான், சுட்டாலும் கேட்பாரில்லை என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பேராசிரியரின் போனோ ஸ்விட்ச் ஆஃப். படிப்பு போச்சு, நைனா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைத்தபடி, ஈ ஆராய்ச்சியைப் பற்றித் தமிழிலேயே உளறிக்கொட்டினேன்.

"ஈக்கு மரத்தூள் போடறியா? யார்கிட்ட கத வுடற?" என்றார் அவர் தெலுங்கில்.

வேறு வழி தெரியாமல் இரண்டு குழாய்களை ஜீப் மேல் வைத்தேன். இரண்டிலும் ஒரே வயது ஈக்கள். ஒன்றில் தூள் தின்றவை, மற்றதில் தின்னாதவை. தட்டினேன். எல்லாம் அடியில் விழுந்தன. 'ஏறுங்கடி, என் மானத்தைக் காப்பாத்துங்க' என்று மனசுக்குள் கெஞ்சினேன். தூள் தின்றவை விறுவிறுவென்று மேலே ஏறின. மற்றவை பாதியிலேயே தடுமாறின. போலீஸ்காரர் குனிந்து பார்த்தார். தானே ஒருமுறை தட்டினார். சிரித்துவிட்டார். தூளை வைத்துக்கொண்டு என்னைப் போகச் சொன்னார்.

அப்போதுதான், எங்கள் பஸ்ஸிலிருந்தே இறக்கப்பட்ட இன்னொருவர் தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பையில் ஒரு லுங்கியும் குழந்தைக்கு வாங்கிய பாவாடையும்தான். ஆனால் தமிழ்க்காரர், உள்ளங்கை காய்த்திருந்தது.

"நானும் ஊருக்குத்தான் போய்க்கினு கீறேன். அவங்கள்ட்ட சொல்லு தங்கச்சி" என்றார்.

தெலுங்கு திரும்பி வந்திருந்தது. சொன்னேன். "நீ பஸ் ஏறும்மா" என்றார்கள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண்டக்டர் விசில் ஊதிவிட்டார், ஏறிவிட்டேன்.

அந்த மனிதர் என்ன ஆனாரோ, இன்றுவரை தெரியாது. குழாயைத் தட்டும்போதெல்லாம் எனக்குப் பயம்தான் திரும்ப வருகிறது: எனக்குச் சாட்சி சொல்ல ஈக்களாவது இருந்தன, அவருக்கு அதுகூட இல்லையே.