ஆறாம் மேசையின் அரைக் கிலோக்கள்

எங்கள் இறால் கொட்டகையில் பத்து மேசைகள். மேசைக்கு ஒரு பெண் நின்று உரிப்பாள். நான் கணக்கெழுதும் கந்தோரில் கணினிக்கு முன்னால் இருப்பேன். பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவள். அதிகம் கதைக்காதவள் என்பதால்தான் முதலாளி ஹாஜியார் என்னை அந்தக் கதிரையில் வைத்தார் என்று நினைக்கிறேன்.

வேலை முடிந்ததும் நிறுப்பவர் மேசைக்கு ஒரு வரியாக ஃபோனில் எழுதி அனுப்புவார். "மேசை 6 இறால் 14" என்று. வரியிலிருந்து எண்களை மட்டும் பிடுங்க, ஹாஜியாரின் மருமகன் கறுப்புத் திரையில் தட்டும் கட்டளை ஒன்றைப் பழக்கித் தந்திருந்தார். கிரெப் என்று தட்டி, சைபர் முதல் ஒன்பது வரை வேண்டும் என்று கொடுத்தால் எழுத்தெல்லாம் உதிர்ந்துவிடும். கடைசியில் நிற்கும் எண்தான் எடை. மாத முடிவில் ஆகக் குறைந்த மேசைக்காரி வேலையை விட்டுப் போக வேண்டும்.

அந்த மாதம் ஆறாம் மேசை. ஹாஜியார் எல்லார் முன்னாலும் வாசித்தார்.

"நான் பதினாலரைக்குக் குறைய உரிச்ச நாளே இல்ல, ஹாஜியார்."

"ஒன்ட விரல் கம்பியூட்டர விட நல்லா எண்ணுதோ?"

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். தங்கள் மேசை தப்பிய சிரிப்பு.

நான் உள்ளே போய்ப் பழைய வரிகளைத் திறந்தேன். எங்கள் பக்கத்தில் பதினாலரையை யாரும் புள்ளி வைத்து எழுதுவதில்லை. "14 அரை" என்றுதான் நிறுப்பவர் எழுதியிருந்தார். கட்டளை பதினாலை எடுத்துக்கொண்டு அரையை எழுத்தோடு எழுத்தாகத் தள்ளியிருந்தது. அநேகமாக ஒவ்வொரு நாளும். அரைகளையும் கூட்டினால் அவளுக்குக் கீழே மூன்று மேசைகள் இருந்தன.

பின்னேர அஸர் தொழுகை முடிந்து ஹாஜியார் வரும்வரை சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னேன்.

"வரிகளப் பாக்காம விட்டது ஆரு?"

"நான்தான்."

"அப்ப நீங்க போறீங்களா, அவள் போகட்டுமா?"

நான் திறந்து வைத்திருந்த வரிகளை மூடினேன். அவர் ஃபோனை எடுத்து வேறு யாரோடோ கதைக்கத் தொடங்கினார்.

வாசலில் அவள் நின்றிருந்தாள். இறால் கொம்பு குத்திய விரலில் துணி சுற்றியிருந்தது.

"ராத்தா, நீங்களாவது ஒருக்காப் பாத்தீங்களா?"

"ஓம்."

"சரியா?"

"சரியாத்தான் இருக்கு."

அவள் விரித்த கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப என்ட கைதான் மெதுவு, என்ன?"