சாட்சி சொல்லப் போன அண்ணன்

என் அண்ணன் வாயைத் திறந்தால் தெறிதான் வரும். கெட்ட வார்த்தைக்கு எங்கள் கடற்கரையில் தெறி என்று பெயர். வலை சிக்கினாலும் தெறி, வலை நிறைய மீன் பட்டாலும் தெறி. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்தால் கோயில் மதில்மேல் உட்கார்ந்திருப்பான். உள்ளே பிரசங்கம் முடியும் நேரத்தில் வெளியே அவனுடைய மூன்றாவது பீடி முடியும்.

அக்காளுடைய மாப்பிள்ளை நேர் எதிர். கடலுக்குப் போகும்போதும் கழுத்தில் செபமாலை. நாள் முழுக்கக் கிடந்து நாலு சாளை மட்டும் பட்டாலும் “மாதாவுக்கு நன்றி” என்றுதான் கரையேறுவார். “நாலு மீனுக்கு எதுக்கு ஓய் நன்றி?” என்று அண்ணன் கேட்பான். “மூணு தராம நாலு தந்தாள்லா” என்பார் மச்சான். இருவரும் ஒரே வள்ளத்தில் தொழில் செய்தார்கள். இவன் வாங்கி வைக்கிற பாவத்தை அவர் கழித்துக்கொண்டிருப்பார் என்பது அம்மாவின் கணக்கு.

நவம்பர் முடிவில் அந்தப் புயல் வந்தபோது இருவரும் ஆழ்கடலில் இருந்தார்கள்.

காத்திருந்த நாட்களில் எங்கள் வீட்டில் எந்தப் புனிதருக்கும் ஓய்வு கிடைக்கவில்லை. அம்மா ஒரு பட்டியலே வைத்திருந்தாள். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருபவர், நடக்காததை நடத்திக் காட்டுபவர், படகோட்டிகளுக்கென்றே இருப்பவர் என்று ஒவ்வொருவரிடமும் மெழுகுவர்த்தியோடு போனாள். நாகர்கோவில் மின்சார அலுவலகத்துக்குப் போனால் ஒவ்வொரு மேசையாக அனுப்புவார்களே, எனக்கு அந்த நினைவுதான் வந்தது. அக்காள் மட்டும் கடற்கரையை விட்டு அசையவில்லை.

ஐந்தாம் நாள் தொலைபேசி வந்தது. கேரளத்து விசைப்படகு ஒன்று அண்ணனைத் தூக்கி ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தது. அண்ணனை மட்டும்.

வீட்டுக்கு வந்தவன் முகம் தோலுரிந்து கிடந்தது. அக்காளின் முன்னால் நின்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். “மூணாம் நாள் காலையில கைய விட்டுட்டாரு.” அதற்குமேல் பேசவில்லை. அக்காளும் கேட்கவில்லை. அதைவிட எங்களைப் பயமுறுத்தியது வேறு ஒன்று. அண்ணன் தெறி சொல்வதையும் நிறுத்தியிருந்தான்.

நான் அப்போது நாகர்கோவிலில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். கூட வேலை பார்த்த ஒருத்தி உள்நாட்டுக்காரி, விவசாயக் குடும்பம். அதே புயலில் அவர்களுடைய வாழைத்தோட்டம் குலையோடு சாய்ந்திருந்தது. சாயும் முன்தினம்தான் அவள் வீட்டுக்காரர் கோயிலில் பொங்கல் இட்டுவிட்டு வந்திருந்தார். “ஒங்க சாமி கடல்ல உண்டும், எங்க சாமி தோட்டத்துல உண்டும்னு நெனச்சோம். ரெண்டு பேரும் ஒரே நாள் லீவு எடுத்திருக்காவ பாத்துக்க” என்றாள். அந்த மாதத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான். கடையில் வந்து நின்றவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

சனவரியில் ஊரில் மூன்று நாள் ஆறுதல் தியானக் கூட்டம் ஏற்பாடு ஆனது. வெளியூரிலிருந்து பெயர்பெற்ற போதகர் ஒருவர் வருவதாக இருந்தது. கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப்பேரவையின் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பிழைத்து வந்தவன் மேடையேறி, ஆண்டவர் தன்னைக் காப்பாற்றினார் என்று சாட்சி சொன்னால் சனங்களுக்கு விசுவாசம் திரும்பும் என்றார்.

“எனக்கே இல்லாதத நான் எங்க கொண்டு குடுக்க?” என்றான் அண்ணன்.

அம்மா அழுதாள். அம்மா அழுதால் அவனால் தாங்க முடியாது. ஒத்துக்கொண்டான். என்ன பேச வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது, பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில் சோப்புப்பெட்டி வாங்கிய ஒரே காரணத்துக்காக.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நான் நன்றாகவே எழுதினேன். “இருண்ட அலைகளின் நடுவே ஒரு நீல ஒளியைக் கண்டேன்” என்று தொடங்கி இரண்டு பக்கம். அண்ணன் எழுத்துக்கூட்டி வாசித்தான்.

“நீல ஒளியா? இது எப்பம்?”

“ஒரு அழகுக்கு எழுதினேன்.”

“லைட்டு ஒண்ணு வந்தது உண்டும். ஏதோ சரக்குக் கப்பலுக்க லைட்டு. கத்தினோம். அது பாக்காமப் போச்சு.”

“அதெல்லாம் சொல்லாண்டாம். இத மட்டும் வாசி.”

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

தியானத்தின் கடைசி நாள் மாலை. கோயில் முற்றம் நிறைந்திருந்தது. ஆட்களைப் பறிகொடுத்த பெண்களை முன்வரிசைகளில் உட்கார வைத்திருந்தார்கள். அக்காள் மூன்றாவது வரிசை, நான் அவள் பக்கத்தில். போதகர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே பேசினார். குரல் ஏறி இறங்கும் இடமெல்லாம் கீபோர்டு கூடவே வந்தது. “கடல் பலரை விழுங்கியது. ஆனால் விசுவாசத்தோடு கூப்பிட்ட ஒரு மகனை ஆண்டவர் கைவிடவில்லை! அந்த மகன் இதோ!”

அக்காள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்படியென்றால் அவள் மாப்பிள்ளை கூப்பிடவில்லை என்றுதானே அர்த்தம். மேடையில் ஏறிக்கொண்டிருந்த அண்ணன் அவள் குனிந்ததைப் பார்த்தான். நானும் பார்த்தேன், அவன் பார்ப்பதை.

மைக்கை வாங்கினான். தாளை விரித்தான். “இருண்ட அலைகளின் நடுவே” வரைக்கும் வாசித்துவிட்டு நிறுத்தினான்.

“இது எனக்க தங்கச்சி எழுதினது. நல்லா எழுதியிருக்கா. ஆனா இதுல உள்ளது ஒண்ணும் நடக்கல்ல.”

பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்றிருந்தது எனக்கு.

“ஆண்டவர நான் கூப்பிட்டது உண்மைதான். என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டேன்னு இந்த மைக்குல சொல்ல ஒக்காது.” பின்னால் நின்ற ஆண்களிடமிருந்து ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. “கவுந்த வள்ளத்தப் பிடிச்சிக்கிட்டு ராவும் பகலும் தெறிதான். அவருக்க அம்மையையும் நான் விடல்ல. இந்தப் பக்கம் நான் தெறி, அந்தப் பக்கம் எனக்க மச்சான் செபமாலை. விசுவாசம் உள்ளவனத்தான் தூக்கிக் கரையில போடுவாருன்னா, இப்பம் இந்த மேடையில அவருல்லா நிக்கணும்? ஆளு மாறிப் போச்சா?”

போதகர் மைக்குக்குக் கை நீட்டினார். “பிரதர், ஆண்டவருடைய திட்டம் என்பது…”

“நில்லும். சாட்சி சொல்லுன்னு சொன்னீருல்லா. முடிச்சிட்டுத் தாறேன்.”

அப்போதுதான் என் பக்கத்தில் அக்காள் எழுந்து நின்றாள். இத்தனை வாரங்களாகக் கேட்காததை அத்தனை பேருக்கும் நடுவில் கேட்டாள்.

“கடைசி வர செபிச்சாரா?”

“செபிச்சாரு அக்கா.”

“மாலை எங்க?”

“மொத நாளே அலையில போச்சு. வெரல்ல எண்ணினாரு. குளுருல வெரல் மரத்து எண்ணம் தெத்திப் போவும். ஒடனே மொதல்லேருந்து தொடங்குவாரு. எனக்கு வெப்ராளம் வந்து, ‘நீரு சொல்லும் ஓய், எண்ணித் தொலைக்கியது நான்’னு சொன்னேன். பெறவு நான்தான் எண்ணினேன்.”

“செபம் எதுல நின்னுது?”

அண்ணன் மைக்கைக் கீழே இறக்கிவிட்டான். ஆனாலும் முன்வரிசையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

“துக்க ரகசியம். நாலாவது. பத்துல ஏழு அருள்நிறை மந்திரம் முடிஞ்சிது. நான் ‘எட்டு’ன்னு சொன்னேன். அவருக்க சத்தம் வரல்ல. ‘எட்டு ஓய், எட்டு’ன்னு கத்தினேன். பாத்தா ஆளில்ல.”

அக்காள் உட்கார்ந்தாள். முகத்தை மூடிக்கொண்டு, புயலுக்குப் பிறகு முதல் முறையாக, சத்தம்போட்டு அழுதாள். போதகர் அவசரமாக ஒரு பாட்டை எடுத்துவிட்டு, தாளத்துக்காகப் பக்கவாட்டில் திரும்பினார். கீபோர்டு வாசிக்கிறவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய தம்பியும் கடலிலிருந்து திரும்பியிருக்கவில்லை.

மறுநாள் பங்குப்பேரவை கூடி, அண்ணன் மன்னிப்புக் கடிதம் எழுதித் தரவேண்டும் என்று தீர்மானித்தது. “எழுதித் தாறேன். அதுக்குத்தான் தங்கச்சி இருக்கால்லா” என்றான். நான் எழுதவில்லை. யாரும் திரும்பக் கேட்கவும் இல்லை.

அந்த வாரத்தில் பங்குச்சாமியார் தனியாக வீட்டுக்கு வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கட்டன்சாயா குடித்தார். எங்களைத் திட்டத்தான் வந்திருக்கிறார் என்று அம்மா நடுங்கிக்கொண்டிருந்தாள். அக்காள் நேராகக் கேட்டாள்.

“சாமி, செபிச்சவரு போனாரு, தெறி சொன்னவன் வந்தான். இது என்ன ஞாயம்?”

“தெரியாது பிள்ள.”

“ஒடம்பு கெடைக்காம வச்ச அடக்கப் பூசையில தெரிஞ்சமாதிரில்லா பேசினீரு? ஆண்டவர் தாம் நேசிக்கிறவர்களைச் சீக்கிரம் அழைத்துக்கொள்கிறார்னு?”

சாமியார் தம்ளரைக் கீழே வைத்தார். “முன்னால அத்தன பேரு அழுதுட்டு இருக்கும்போ சும்மா நிக்க முடியல்ல. வாயில வந்தத சொல்லிட்டேன்.”

“எனக்க தம்பியும் அதத்தான செஞ்சான்” என்றாள் அக்காள். சாமியார் சிரித்துவிட்டார். சிரித்ததற்காக உடனே மன்னிப்பும் கேட்டார். அவர் சொன்ன எந்தப் பிரசங்கத்தையும்விட அந்தத் ‘தெரியாது’தான் எங்கள் வீட்டில் கொஞ்சம் செல்லுபடியானது.

அக்காள் இப்போதும் பூசைக்குப் போகிறாள். செபிக்கவா போகிறாய் என்று ஒருமுறை கேட்டேன். “சண்ட போடப் போறேன் ஏட்டி. பதில் சொல்லாம இருந்தா விட்டுருவேன்னு நெனச்சிருக்காரு” என்றாள். எனக்குச் சண்டை போடும் அளவுக்குக்கூட அவரோடு பழக்கம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கூரையில் ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அண்ணன் பிப்ரவரியில் மறுபடியும் தொழிலுக்கு இறங்கினான், வேறொருவருடைய வள்ளத்தில். முதல் நாள் காலையில் வள்ளத்தைத் தள்ளப்போகும் நேரத்தில் அக்காள் ஒரு பெரிய பையோடு மணலில் நடந்து வந்தாள். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் இரண்டு லைஃப் ஜாக்கெட், ஒன்று அவனுக்கு, ஒன்று கூடப் போகிறவருக்கு.

“எதுக்கு அக்கா இந்த எழவு? உடம்பு வேகும்” என்றான்.

“வேகட்டும். மாதாவுக்கு வேற சோலியும் கெடக்கு. இதப் போடுலே.”

மீன் வாங்க நின்ற பெண்கள் அவன் கோலத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் அந்த ஜாக்கெட்டையும், அதைத் தைத்தவனையும், தைத்தவனின் முன்னோர்களையும் வாய்நிறைய ஏசினான். அவன் ஏசி முடிக்கும் வரை அக்காள் பொறுமையாக நின்று, குனிந்து, மூன்று கொக்கிகளையும் தானே மாட்டிவிட்டு, இழுத்தும் பார்த்துக்கொண்டாள்.