திருவாதிரைக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி

ஜெராக்ஸ் மெஷினில் இருந்து அப்போதுதான் வந்த பேப்பரின் சூடு... அந்த மை வாசனை... எங்கள் பத்திரிகை என்றாலே எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான் மக்களே.

மதுரையில் எம்.எஸ்சி. பிசிக்ஸ் படித்தபோது நாங்கள் சில பேர் சேர்ந்து நடத்திய அறிவியல் பத்திரிகை. பெயர் 'அதெப்புடி?'. எடிட்டர் செல்வம், என் கிளாஸ்மேட். என்னைப் போலவே உசிலம்பட்டிக்காரன். எடிட்டர் ஆன நாளில் இருந்து தரையில் கால் படாமல் திரிந்தவன்.

அவன் ஒரு சட்டம் போட்டிருந்தான். எந்தக் கட்டுரையாக இருந்தாலும், எழுதியவன் அதை உசிலம்பட்டி பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். கேட்டவர் "அதெப்புடி?" என்று கேட்டால் பாஸ். ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டால் ஃபெயில்.

என் கட்டுரைகளைக் கேட்டவர்கள் ஜன்னல் பக்கம்கூடத் திரும்பவில்லை. தூங்கிவிட்டார்கள்.

அப்போதுதான் திருவாதிரை நட்சத்திரம் திடீரென்று மங்கியது. வெடிக்கப் போகிறதோ என்று உலகம் முழுக்க ஒரே பேச்சு. எனக்கு லட்டு மாதிரி சப்ஜெக்ட்! 'திருவாதிரை சாகப் போகிறது' என்று மிரட்டலாகத் தலைப்பு வைத்தேன். படிப்பு முடியப் போகிறது, அதுதான் கடைசி இதழ். இதுவும் போனால் என் பெயர் அச்சில் வரவே வராது.

சாயங்காலம் நானும் செல்வமும் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினோம். முன் சீட்டில் ஒரு அக்கா, மடியில் காலிப் பூக்கூடை. வாசிக்கட்டுமா என்று கேட்டதும் சந்தோஷமாகத் திரும்பி உட்கார்ந்தார். தலைப்பையும் ரெண்டு வரியையும்தான் வாசித்திருப்பேன்... அவர் முகம் வெளுத்துவிட்டது.

"எம்மகன் திருவாதிரைதாம்ப்பா... லாரிய எடுத்துக்கிட்டு நாக்பூர் பக்கம் போயிருக்கான்."

"அக்கா, இது வானத்துல இருக்குற நட்சத்திரம்க்கா!"

"ஜாதகத்துல இருக்குறது மட்டும் வேற எங்கப்பா இருக்கு?"

மகனுக்கு போன் போட்டார். எடுக்கவில்லை. அவர் கண் கலங்கிவிட்டது. இதற்குள் பக்கத்து சீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்து, "தம்பி, கேட்டைக்கு எதுவும் போட்ருக்கா?" என்றார். பின்னால் இருந்து ஒரு குரல் மூலத்துக்குக் கேட்டது. செல்வம் சிரிப்பை அடக்க முடியாமல் கர்ச்சீப்பை வாயில் திணித்துக்கொண்டிருந்தான்.

நன்றாக இருட்டி, செக்கானூரணியில் பஸ் நின்றபோது மகனே திரும்பக் கூப்பிட்டார். அக்கா எடுத்த எடுப்பில், "எய்யா, ஒன் நட்சத்திரம் வெடிக்கப் போகுதாம்ல, வண்டிய ஓரங்கட்டு!" என்றுவிட்டு போனை என் கையில் திணித்தார்.

எனக்கு ஒளியாண்டு, சூப்பர்நோவா எல்லாம் மறந்துபோய், "அண்ணே, அது வெடிக்க இன்னும் லட்ச வருஷம்கூட ஆகலாம்ணே. வெடிச்சாலும் நமக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "அத எங்கம்மாட்ட மொதல்ல சொல்லிருக்கலாம்லண்ணே!" பிறகு கொஞ்சம் யோசித்து, "இப்ப நின்னு பாத்தா தெரியுமா?"

தெரியும் என்றேன். அக்காவையும் கீழே கூட்டிக்கொண்டு வந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு, மதுரைப் பக்கம் கையை நீட்டினேன். "கெழக்க பாருங்க. மூணு நட்சத்திரம் வரிசையா நிக்குதுல்ல... அதுக்கு எடது கைப்பக்கம், செவப்பா."

"ஆமாய்யா... தெரியுது!" என்றார் அக்கா.

"எனக்குந் தெரியுதும்மா. நானும் அதத்தான் பாக்குறேன்."

அக்கா என் பக்கம் திரும்பி, "அம்புட்டுத் தூரத்துல இருக்கான்... ரெண்டு பேருக்கும் ஒண்ணே தெரியுதே, அதெப்புடிப்பா?" என்றார்.

"பாஸ் மாப்ள!" என்று பஸ் படியில் நின்று கத்தினான் செல்வம். பழைய தலைப்பைத் தூக்கிவிட்டு, இங்கே மேலே போட்டிருக்கும் தலைப்பில்தான் அந்தக் கட்டுரை வெளிவந்தது. முதல் வரியே 'பயப்பட வேண்டாம்'.

இப்போது நான் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே நடக்கும் ஆராய்ச்சிகளைப் பற்றித் தமிழில் வீடியோ போடுவதும் என் வேலைதான். மைக், லைட், எடிட்டிங் எல்லாம் பக்கா. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கீழேயே நம்பர் வந்துவிடுகிறது. அதைப் பார்ப்பதில் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் அவர்களில் எத்தனை பேர் எழுந்து வெளியே போய் வானத்தைப் பார்த்தார்கள் என்று அந்த நம்பருக்குத் தெரியாது. அன்றைக்கு ஒரு அம்மாவும் மகனும் பார்த்தார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன்.