மரக்காணத்தில் ஏழு நாரைகள்

பறவைக் கணக்கெடுப்புக்குப் போகிறவர்களுக்கு இரண்டே பயம்தான்: பறவை வராமல் போய்விடுமோ, வந்தால் எண்ண முடியாமல் போய்விடுமோ. தொலைநோக்கியும் படிவமுமாக நீங்களும் உப்பளக் கரையில் வெந்திருந்தால் இது புரியும். மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், மரக்காணம் உப்பளத்தின் ஒரு பகுதியை ஒருங்கிணைப்பாளர் குணா சார் முதல்முறையாக என்னிடம் தனியாக ஒப்படைத்தார். கணக்கு ஒழுங்காக இருந்தால் அந்தப் பகுதி இனி என்னுடையது. இல்லையென்றால் பழையபடி அடுத்தவர் பின்னால் தண்ணீர் பாட்டில் சுமக்க வேண்டியதுதான். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். எதில் கையெழுத்துப் போட்டாலும் மூன்று முறை படித்துப் பார்ப்பேன்.

கீழே முதலில் வருவது நான் பார்த்ததில்லை. குழுவில் மூத்தவரான ஜமீலா அக்கா, என்னை இறக்கிவிடப் போகும்போது ஸ்கூட்டியில் சொன்னது.

கால் கணக்கு

பூநாரைகள் தலையைத் தண்ணீருக்குள் விட்டு, ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு மேயும். புதிதாக வந்த கல்லூரி மாணவர் ஒருவர் குழம்பிப்போய், போட்டோ எடுத்து, தெரிந்த கால்களை எல்லாம் எண்ணி இரண்டால் வகுத்துவிட்டாராம். பாதிப் பறவைகள் ஒற்றைக் காலில் தூங்கியதை அவர் கவனிக்கவில்லை. நாங்கள் சிரித்த சிரிப்பில் ஸ்கூட்டி இரண்டு முறை பாத்திக்குள் இறங்கப் பார்த்தது. படிவத்தில் ‘பூநாரை: இருபத்திரண்டரை’ என்றிருந்ததைப் பார்த்துவிட்டு, குணா சார் அமைதியாகக் கேட்டாராம்: “அந்த அரைப் பறவை எந்தப் பக்கம் பாத்து நின்னுதுப்பா?”

எந்த சர்வே?

உப்பு வாரிக்கொண்டிருந்த முருகேசன் அண்ணன், “இன்னாம்மா, யாரு நீ?” என்றார். “சர்வே எடுக்க வந்திருக்கேங்க” என்றேன். அந்த வார்த்தையை உப்பளத்தில் சொல்லக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அவரையும் சேர்த்து நான்கு பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். “ரோடு வருதா?” “டேப்பு எங்க?” ஒருவர் தொலைநோக்கியை வாங்கி, முன்பின்னாகத் திருப்பி வைத்துப் பார்த்து, “யோவ், நெலத்தயே சுருக்கிட்டாங்கய்யா!” என்று அலறினார்.

பறவை சர்வேதான் என்று விளக்கி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. முருகேசன் அண்ணன் பெருமூச்சு விட்டார்: “எங்க வூட்டுக்கே இன்னும் பட்டா வரல. கொக்கு முந்திக்கும் போலிருக்குது.”

நடந்துபோன நாரை

மதியம் வெயில் அலையடித்தது. தூரத்துக் கரையில் சாம்பல் நாரைகள் அசையாமல் நின்றன. அசையாமல் நிற்பதுதான் அவற்றின் தொழில். மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் ஏழு. செயலியில் பதிந்து அனுப்பிவிட்டு, சந்தோஷத்தில் கரைமேல் தனியாக ஒரு சுற்று ஆடினேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அப்போதுதான், சாப்பிட்டுவிட்டு வந்த முருகேசன் அண்ணன் ஒரு நாரையின் கழுத்தைப் பிடித்துப் பிடுங்கி, தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அது உப்பு வாரும் பலகை. நீளமான காம்பைச் சேற்றில் குத்தி, பலகை மேலே இருக்கும்படி நட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார்கள். விழுந்தடித்து ஓடி, “அண்ணே, எத்தினி பலகை நட்டீங்க?” என்றேன். “நாலு பேரு, நாலு பலகை. ஏம்மா, இதுக்கும் சர்வேவா?”

திருத்தம்

அனுப்பிய கணக்கை யாரும் அங்கே வந்து சரிபார்க்கப் போவதில்லை. சும்மா இருந்தால் அந்தப் பகுதி எனக்கு. ஆனால் படிவத்தின் கீழே இருப்பது என் பெயர். குணா சாரைப் போனில் கூப்பிட்டேன். “சார், ஏழு நாரையில நாலு பலகை சார். மன்னிச்சிடுங்க.”

மறுமுனையில் சத்தமே இல்லை. பகுதி போய்விட்டது என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றேன். பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்: “நாலுமே பலகையா?” ஆமாம் என்றேன். அடக்க முடியாமல் வெடித்துச் சிரித்தார். “மூணுன்னு மாத்திடறேன். அந்தப் பகுதி இனிமே உனக்குத்தாம்மா. பலகையத் திருப்பிக் குடுத்த மொத ஆளு நீதான்.”

சார் ஏன் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தார் என்று பின்னால் பழைய படிவங்களை எடுத்துச் சரிபார்த்தேன்: அதே கரையில் முந்தைய மூன்று வருடங்களும் ‘சாம்பல் நாரை: ஏழு, எட்டு, ஏழு’ என்றிருந்தது, மூன்றிலும் எண்ணியவர் என்ற இடத்தில் குணா சாரின் கையெழுத்து.