தெருமுனையில் நிறுத்திய குரல்

அப்பா இறந்து மூன்றாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, எங்கள் தெருவுக்குள் வந்தார். வந்தது குரல் மட்டும்தான். ஆனால் கத்தரிக்காயும் கத்தியுமாக உட்கார்ந்திருந்த எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

"நைட்டி நைட்டி நைட்டி... தளவாய்புரம் நைட்டி... சாயம் போகாது, சுருங்காது... வாங்க தாயி, ரண்டம்மா ரண்டி... பாக்குறதுக்குக் காசு கிடையாது தாயி..."

அப்பா நைட்டி வியாபாரி. தெலுங்கு பேசும் வீடுகளும் உண்டென்பதால் 'வாங்க'வோடு தெலுங்கு 'ரண்டி'யையும் சேர்த்துக்கொள்வார். வீடு ராஜபாளையத்தில். திங்கட்கிழமை தளவாய்புரம் போய்த் தையல் வீடுகளில் சரக்கு எடுப்பார். மற்ற நாட்களில் மொபெட்டின் முன்னும் பின்னும் மூட்டையைக் கட்டிக்கொண்டு, தேவதானத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை தெருத்தெருவாகப் போவார். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலையில், பெருமாள் கோயில் அடிவாரத்தில் கடை விரிப்பார். ஞாயிறு மட்டும்தான் வண்டி வீட்டில் நிற்கும். அன்றைக்கும் மனிதர் சும்மா இருக்க மாட்டார். என் ஷூவுக்குப் பாலிஷ் போடுவார், ஓடுகிற மிக்ஸியைக் கழற்றி மாட்டுவார், அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டுக் கண்ணைக் கசக்குவார்.

நடுத்தெருவில் ஒரு பெண்ணிடம் 'என்ன சைசு' என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. சின்ன அளவுக்கு மல்லி, நடு அளவுக்கு ரோஜா, பெரிய அளவுக்குத் தாமரை என்று தானே ஒவ்வொரு பெயர் வைத்திருந்தார். "அக்காவுக்குத் தாமரையில ஒரு நீலம் வந்திருக்கு" என்று எடுத்து நீட்டினால் பக்கத்து வீட்டுக்காரிக்கும் ஒன்றும் புரியாது. அத்தனை வீட்டு அளவும் அவர் தலைக்குள் இருந்தது. அம்மாவிடம்கூட யாருடையதையும் சொல்ல மாட்டார்.

முதலில் தொண்டையால்தான் கூவிக்கொண்டிருந்தார். நான் பிளஸ் டூ படிக்கும்போது தொண்டை கட்டிப்போய், ஒரு ஸ்பீக்கரும் மெமரி கார்டும் வாங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு, உள் அறையில் உட்கார்ந்து தன் குரலைப் பதிவு செய்தார். பிடிக்கவில்லை என்று திரும்பத் திரும்பச் செய்தார். மறுநாள் எனக்கு இயற்பியல் பரீட்சை. கடைசியில் பொறுக்க முடியாமல் என்னவோ கத்தினேன். அப்பா அசட்டுச் சிரிப்போடு வெளியே வந்தார். அதோடு அதை நான் மறந்துவிட்டேன்.

அந்தக் குரல் ஊரெங்கும் போயிற்று. டியூஷனில் ஒருத்தி என்னைப் பார்த்ததும் "பாக்குறதுக்குக் காசு கிடையாது தாயி" என்று இழுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து பையை வீசி எறிந்தேன். "நம்ம தெருவுக்குள்ள அதப் போட்டுட்டு வராதீங்க. எம் பள்ளிக்கூடத்துப் பக்கமும் வேண்டாம்." அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "சரி தாயி" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் தெருமுனை லைட் கம்பம் வந்ததும் ஸ்பீக்கரை அணைத்துவிடுவார். பதின்மூன்று வருடம் அப்படித்தான். இதற்கிடையில் நான் பி.எட். முடித்தேன், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன், என் வெட்கமும் எப்போதோ போய்விட்டது. ஆனால் 'இனிமேல் போட்டுக்கொண்டு வாங்கப்பா' என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. இதை இங்கே எழுதும்போதும் என் மேல் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மிக்ஸியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்தார். அந்த மிக்ஸியை இன்றுவரை யாரும் திரும்ப மாட்டவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ஒருவர் வண்டியைக் கேட்டு வந்தார். அப்பா போன தெருக்களிலேயே வியாபாரம் செய்யப் போவதாகச் சொன்னார். "அவிய வண்டி நிக்கக் கூடாது, ஓடட்டும்" என்றாள் அம்மா. நான்தான் வண்டியைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மூட்டைக் கம்பி, பெட்டி, ஸ்பீக்கர் எல்லாவற்றோடும் ஒப்படைத்தேன். அந்த ஸ்பீக்கருக்குள் கார்டு இருந்ததை ஒருவரும் நினைக்கவில்லை. என் போனில் அப்பாவின் படங்கள் நிறைய இருக்கின்றன. குரல் ஒன்றுகூட இல்லை. வீடியோ எடுத்தால் வேட்டியைச் சரிசெய்துகொண்டு பேசாமல் சிரிப்பார்.

காய்ச்சலென்று நான் லீவு போட்டிருந்த அந்தச் செவ்வாய்க்கிழமைதான் குரல் வந்தது. நான் கத்தியைப் போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். அம்மா திடுக்கிடவே இல்லை. அடுப்பை அணைத்தாள், முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள், வண்டியை நிறுத்தி ஒரு நைட்டி வாங்கிக்கொண்டு வந்தாள். பீரோவைத் திறந்து வைத்தபோது பார்த்தேன். கவர் பிரிக்காத நைட்டிகள் ஏழோ எட்டோ அடுக்கியிருந்தன.

"என்னம்மா இது?"

"ஏட்டி, எதுக்குக் கத்துத? அவிய நம்ம வாசல்ல வந்து கூப்பிட்டு, ஒருத்தரும் வாங்காமப் போனா நல்லாவா இருக்கும்?"

எனக்குப் பயம் வந்துவிட்டது. அப்பா போய்விட்டார் என்பது அம்மாவுக்குத் தெரியும். ஆனால் செவ்வாய்க்கிழமை மட்டும் தெரியாமல் போய்விடுகிறதோ என்று தோன்றியது. திங்கட்கிழமைகளில் அம்மா அடிக்கடி கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தது மறுநாளுக்காகத்தான் என்று இப்போது புரிந்தது. இருக்கிற ஒருத்தியையும் அந்த ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிட எனக்கு மனமில்லை. அந்தக் குரலைத் தெருவிலிருந்து எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். மொபைல் கடையில் வேறு யாரோ பேசிய நைட்டி விளம்பரம் ஒன்றைப் புதுக் கார்டில் ஏற்றி வாங்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் வண்டி வாங்கியவரைப் பிடித்தேன். கார்டை மாற்றச் சொன்னதும் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, ஒரு வாரம் எங்குரல்லதான் போட்டுப் பாத்தேன். ஒரு கதவு தொறக்கல. அண்ணாச்சி குரல் கேட்டாத்தான் வெளிய வாராக."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஸ்பீக்கர் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கூப்பிட்டார், மறுபடியும் கூப்பிட்டார். பதின்மூன்று வருடத்தில் அதை முழுதாக நான் கேட்டதே இல்லை என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. 'காசு கிடையாது தாயி' முடிந்ததும், கொஞ்சம் தள்ளியிருந்து ஒரு பெண் குரல் கத்தியது.

"போதும்ப்பா, நிறுத்துங்க! மானம் போகுது!"

அது நான். பிறகு அப்பாவின் மெல்லிய சிரிப்பு. பிறகு திரும்பவும் நைட்டி நைட்டி நைட்டி.

நான் ஸ்பீக்கரை நெருங்கி நின்று இன்னொரு சுற்றும் கேட்டேன். மூட்டையில் துணி பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார். "நீ யாரும்மா? அண்ணாச்சிக்கு என்ன வேணும்?"

"மகள்."

"அந்தக் கோவக்காரப் பிள்ளையா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "இத வெட்டிட்டுப் போடக் கூடாதான்னு நாங்க எம்புட்டோ தடவ கேட்டிருக்கோம். அது எம் மக குரலு, கூடவே வரட்டும்பாரு. டீச்சருக்குப் படிக்காம்பாரு. பொறவு, டீச்சராயிட்டாம்பாரு."

என் பள்ளிக்கூடம் அங்கிருந்து மூன்று தெரு தள்ளி. அதன் பக்கம் அவர் ஒருநாளும் வந்ததில்லை; படிக்கும்போது நான் சொன்னதை, வேலை பார்க்கும் இந்தப் பள்ளிக்கும் சேர்த்துக்கொண்டுவிட்டார். நான் வரவேண்டாம் என்று சொன்ன இடங்களைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். தெருவென்றும் பார்க்காமல் அழுதேன். அந்த அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். புதுக் கார்டைப் பையிலிருந்து எடுக்காமலே பஸ் ஏறினேன்.

அடுத்த செவ்வாய் பள்ளி விடுமுறை. பதினொரு மணிக்கு முன்பே அம்மா வாசற்படியில் நின்றாள். பக்கத்துத் தெருவில் குரல் கேட்டது. நெருங்கி நெருங்கி வந்தது. எங்கள் தெருமுனைக்கு வந்ததும் சட்டென்று நின்றது. லைட் கம்பத்தருகே அவர் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, சத்தமில்லாமல் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். அப்பா வருவதைப் போலவே இருந்தது.

"நிறுத்திட்டானேட்டி" என்றாள் அம்மா. அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

செருப்புப் போடாமல் ஓடினேன். "ஏன் அணைச்சீங்க?"

"நீங்க அன்னைக்கு அழுதீங்கள்லக்கா. இந்தத் தெருவில மட்டும் போட வேண்டாமேன்னு..."

"போட்டுட்டு வாங்க."

அவர் தயங்கினார்.

"திரும்பக் கம்பத்துக்கிட்ட போங்க. அங்கயிருந்து போட்டுட்டு வாங்க."

வண்டியைத் திருப்பினார். கம்பத்தருகே பொத்தானைத் தட்டினார். நான் வண்டியோடு கூடவே நடந்தேன். இருபுறமும் கதவுகள் திறந்தன. சாயம் போகாது என்றார் அப்பா, சுருங்காது என்றார், எங்கள் தெருப் பெண்களைத் தாயி தாயி என்று கூப்பிட்டார். அம்மா படியிறங்கி வந்தாள். எங்கள் வாசலுக்கு வண்டி வந்தபோது, ஸ்பீக்கருக்குள்ளிருந்து நான் நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். அப்பா சிரித்தார். பிறகு முதலிலிருந்து கூப்பிட ஆரம்பித்தார்.