விற்ற கார் இன்னும் என்னிடம் பேசுகிறது

ஆறு மாதம் முன்பு நான் விற்ற கார், இன்று காலை என் போனுக்குத் தகவல் அனுப்பியது: 'உங்கள் காரின் கதவு பூட்டப்படவில்லை.'

கார் கம்பெனியின் ஆப்பைத் திறந்தேன். தேனிப் பக்கம் தேவாரம் ஊரில் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றது. இந்த வாரம் அங்கே போனது நான்காவது முறை என்றும் காட்டியது.

காரை வாங்கியவர் அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர். மனசு கேட்காமல் கூப்பிட்டேன்.

"சார், ஒங்க கார் கதவு பூட்டாம கெடக்கு."

"ஒங்களுக்கு எப்பிடிண்ணே தெரியும்?"

சொன்னேன்.

"சம்சாரத்த இங்கன சேத்துருக்கேன். அவுக வீட்டுக்கே இன்னும் சொல்லலண்ணே."

எனக்குக் கூசிப்போயிற்று. நேராகத் தேனி ஷோரூமுக்குப் போய், ஆப்பிலிருந்து என் பெயரை எடுக்கச் சொன்னேன்.

"வித்தவரு, வாங்குனவரு ரெண்டு பேரும் நேர்ல வரணும் சார்," என்றார் கவுண்டரில் இருந்த பெண்.

"அவுக ஆஸ்பத்திரில இருக்காகம்மா."

"அவுக சம்மதம் இல்லாம எப்பிடி சார் எடுக்க?"

அவர் போகிற இடமெல்லாம் எனக்குச் சொல்ல யாரும் அவரிடம் சம்மதம் கேட்கவில்லை. ஆப்பை அழித்துவிட்டேன். கம்பெனியில் என் பெயரில் உள்ள கணக்கு அப்படியேதான் இருக்கிறது.

கார் விற்ற நண்பர்களே, நீங்கள் எப்படி வெளியே வந்தீர்கள்? வந்துவிட்டீர்கள்தானே?