விழுந்த ஈ

ஊரில் பாதி வீட்டுக் கரப்பானுக்குப் பூச்சி மருந்துக்காரர்தான் எமன். முதுகில் மருந்து டப்பா, மூக்கில் துணி. மருந்தடித்து முடித்ததும் எந்த வீட்டிலும் ஒரே பாட்டு: "விழுந்த பூச்சியக் கூட்டி அள்ளிடுங்கம்மா. கோழி கீழி கொத்திடப் போகுது."

மனைவி போன பிறகு மருந்துக்காரர் வீட்டில் அவரைத் தவிர மூச்சு விட்டது, குளியலறை மூலையில் தலைகீழாகத் தொங்கிய ஓர் எட்டுக்கால் பூச்சி மட்டும்தான். கால் முடி மாதிரி, உடம்பு அரிசி மாதிரி. காலையில் பல் தேய்த்தபடியே அதை லேசாக ஊதுவார். அது வலையோடு கிடுகிடுவென்று ஆடும். ஆடி நின்றதும் வாய் கொப்பளிப்பார். அந்த வீட்டில் நாள் முழுக்க நடக்கும் பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா ஒட்டடைக் குச்சியோடு வந்து இறங்கினாள். குச்சி குளியலறை மூலைக்கு நீண்டது.

"ஏண்டா, ஊருக்கெல்லாம் மருந்தடிக்கிற. இங்க இவ குடித்தனம் நடத்துறா?"

"இருக்கட்டும்க்கா."

"பொண்டாட்டி செத்தப்ப ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. இவளுக்கு வக்காலத்தா?"

"அது ஒண்ணும் செய்யாதுக்கா."

"நீயும்தான் ஒண்ணும் செய்யல. வத்தலாக் காஞ்சு கெடக்குறா பாரு. வச்சுக்கிட்டா சோறு போடணும்டா!"

அக்கா போன பிறகு அண்ணாந்து பார்த்தார். வலையில் ஒரு கொசுகூட இல்லை. அதன் வயிறு ஒட்டித்தான் இருந்தது.

மறுநாள் ஓர் ஓட்டல் சமையலறையில் மருந்தடித்து முடித்தபோது, சன்னலோரம் ஓர் ஈ மல்லாந்து காலை உதறிக்கொண்டிருந்தது. நல்ல கொழுத்த ஈ. தீப்பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து வலையில் விட்டார். எட்டுக்கால் பூச்சி விறுவிறுவென்று இறங்கி, உருட்டி உருட்டி நூல் சுற்றி, வாய் வைத்தது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சாப்டு, சாப்டு," என்றார். அவர் குரலே அவருக்குப் புதிதாக இருந்தது.

காலையில் ஊதினார். வலை மட்டும் ஆடியது. அது கால்களை உள்ளே மடக்கிக்கொண்டு தொங்கியது. மறுபடி ஊதினார். பிறகு வாய் கொப்பளித்தார், சட்டையை மாட்டினார், டப்பாவைத் தூக்கினார்.

முதல் வீட்டில் மருந்தடித்து முடித்துத் துணியை இறக்கினார்.

"விழுந்த பூச்சிய..." என்றவர் கூரை மூலையை அண்ணாந்து பார்த்தார்.

"கோழி கொத்தக் கூடாது, அதானே?" வீட்டுக்காரம்மா அவர் குரலிலேயே பாடிக்காட்டிச் சிரித்தாள். "எங்க வீட்ல கோழியே இல்லங்க."

"சரிம்மா," என்று துணியை மூக்கில் ஏற்றிக்கொண்டார்.